வீட்டை விட்டு வந்து கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டார் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்ய நினைப்பவர்கள், செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வந்து நிற்பவர்கள், சில நேரம் அவர்களுடைய அம்மாக்கள் என எல்லாரும் வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் நடைமுறையையும் ஒட்டியவை. ஒவ்வொருவர் கதையிலும் ஏதாவது ஒரு முடிச்சு வேறாக இருக்கும் என்பதால், கிளம்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் பேசிவிடுங்கள்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்வது குற்றமா?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் குற்றமே இல்லை. சாதி வேறு, மதம் வேறு, வசதி வேறு, ஏற்கெனவே பரிசம் போட்டாயிற்று என்று எந்தக் காரணம் சொன்னாலும் பெற்றோரின் சம்மதம் சட்டத்தில் ஒரு நிபந்தனையே கிடையாது. லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதைத் தெளிவாகச் சொன்னது: பிடிக்காத பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாம். மிரட்டவோ, அடிக்கவோ, தொல்லை கொடுக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை.

எங்களிடம் வருகிறவர்கள் எப்படிக் கிளம்புவது, எந்த பஸ் பிடிப்பது என்பதையெல்லாம் நன்றாக யோசித்து வைத்திருப்பார்கள். எங்கே போய், யார் முன்னால், எந்தத் தாளோடு ஆஜராவது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒளிந்துகொண்டே இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் வளர்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் ஆஜராவதைப் பற்றித்தான் இருக்கும்.

பெண் வீட்டில் கடத்தல் வழக்குப் போட்டுவிட்டால்?

போடுவார்கள். எதிர்பார்த்தே இருங்கள். முதலில் ‘மகளைக் காணவில்லை’ என்று புகார் போகும். பிறகு பையன் பெயர் சேரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 137, 87 பிரிவுகள் என்று காதில் விழும் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 363, 366). பாதுகாவலரிடமிருந்து கடத்துவது என்ற குற்றம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில்தான் வரும். வயது வந்த பெண் ‘நானாகத்தான் வந்தேன்’ என்று மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுத்துவிட்டால் வழக்கு அநேகமாக அங்கேயே செத்துவிடும்.

இதற்கு வேர் நம்ம ஊர் வழக்கு ஒன்று: வரதராஜன் எதிர் மெட்ராஸ் அரசு. நடந்தது 1960இல், சென்னையில். கல்லூரியில் படிக்கிற பெண், பக்கத்து வீட்டுப் பையன். விஷயம் தெரிந்ததும் அப்பா அவளைக் கோடம்பாக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை அவள் தானாகவே கிளம்பி, பையனுக்குப் போன் செய்து, இன்ன சாலைக்கு வா என்று சொன்னாள். அவன் காரோடு வந்தான். இருவரும் பதிவாளர் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அவளுக்கு அப்போது 18 முடியவில்லை. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவனைத் தண்டித்தன. உச்ச நீதிமன்றம் 1964இல் விடுவித்தது. விவரம் தெரிந்த பெண் தானே வீட்டை விட்டு வந்து கூப்பிட்டிருக்கிறாள், அவன் ‘கூட்டிக்கொண்டு போனான்’ என்று சொல்ல முடியாது என்றது. அறுபது வருஷம் ஆகியும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறார்கள். ஆனால் 17 வயதுப் பெண்ணுக்கு இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

‘அவளுக்கு 18 ஆக இன்னும் நாலு மாசம்தான் இருக்கு, பரவாயில்லையா?’

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. நாலு மாசம் பொறுங்கள்.

2012இல் வந்த போக்சோ சட்டத்தில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 18க்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. அவள் விரும்பி வந்தாள், தாலி கட்டினேன் என்பதெல்லாம் உறவு நடந்த குற்றத்தை இல்லாமல் ஆக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 10 வருஷம். பெண் கர்ப்பமாகிவிட்டால் 20 வருஷத்துக்குப் போகும். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், அது மருத்துவருடைய சட்டக் கடமை. கைக்குழந்தையோடு பெண் கோர்ட்டு வராந்தாவில் நிற்க, பையன் உள்ளே இருக்கும் காட்சி இந்தத் தொழிலில் அபூர்வம் இல்லை. ‘நாலு மாசத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்’ என்பதுதான் பயம் என்றால், 18க்கு முன் நடத்தப்படும் அந்தக் கல்யாணத்தைத் தடுக்கவும் வழி இருக்கிறது: குழந்தைகள் உதவி எண் 1098.

பெண்ணுக்கு 19, பையனுக்கு 20. என்ன ஆகும்?

கல்யாணத்தைப் பதிவு செய்ய மாட்டார்கள். ஆனால் இருவரும் மேஜர். நந்தகுமார் வழக்கில் (கேரளா, 2018) பையனுக்கு 21 ஆகவில்லை. வயது வந்த இருவர் கல்யாணம் இல்லாமலும் சேர்ந்து வாழலாம், அதைப் பிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 21 ஆனதும் முறைப்படி செய்துகொள்ளுங்கள்.

எங்கே, எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது?

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் ஒரு வசதி இருக்கிறது, வட மாநிலத்துக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். அண்ணா ஆட்சியில், 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணங்கள் 1920களிலிருந்தே நடந்துவந்தன. ஆனால் நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த பிரிவு இது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினரோ நண்பர்களோ வேறு யாரோ சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ‘இவரைக் கணவராக, இவளை மனைவியாக ஏற்கிறேன்’ என்று சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும்.

கோயிலில்தான் வேண்டும் என்றால், அறநிலையத் துறையின் பெரிய கோயில்களில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, இதுவே முதல் திருமணம் என்ற சான்று எல்லாம் கேட்பார்கள். அவசரத்தில் போனால் திரும்பி வர நேரிடும். சின்னக் கோயில் வாசலில் தாலி கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அதுவும் 7ஏ பிரிவில் செல்லும், சாட்சிகள் இருக்க வேண்டும்.

வக்கீல் ஆபீஸ் கல்யாணம் செல்லுமா என்பது பல வருஷம் குழப்பமாக இருந்தது. வக்கீல் அறையில், நாலு பேருக்குத் தெரியாமல் நடப்பது திருமணமே ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. இளவரசன் என்பவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதை மாற்றியது: குடும்ப எதிர்ப்பு இருக்கும்போது எல்லாருக்கும் அறிவித்துவிட்டுச் செய் என்று சொல்வது உயிருக்கே ஆபத்தாகலாம். வக்கீல் ஒரு நண்பராக, சாட்சியாக நிற்பதில் தவறில்லை. நிற்கிறவர் வக்கீல் என்ற தொழில் பொறுப்பில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதைச் சாக்காக வைத்து ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று பாக்கேஜ் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதை. நிகழ்ச்சி எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் கையில் வந்தால் அது வெறும் தாள்.

நேராகப் போய்ப் பதிவு செய்துவிட்டால் போதாதா?

இந்து திருமணச் சட்டப்படி போதாது. சடங்கோ 7ஏ முறையோ நடக்காமல் பதிவு மட்டும் இருந்தால் அது திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்த்தது. முதலில் கல்யாணம், பிறகு பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டி 150 நாள் வரை செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகம்தான் இடம். கல்யாணப் போட்டோவில் சாட்சிகளும் விழும்படி எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மதம் வேறு. யாராவது ஒருவர் மாற வேண்டுமா?

வேண்டாம். 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. அதில் சிக்கல் வேறு இடத்தில். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். ஊரில் யார் கண்ணில் படக்கூடாது என்று வந்தீர்களோ அவர்கள் கண்ணிலேயே படும். ரகசியமாக வாழ விரும்புகிறவனை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற சட்டம் இது என்று எனக்கு எப்போதும் எரிச்சல்தான், ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை. ஆட்சேபம் எழுப்புகிறவர் ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று சொன்னால் எடுபடாது. வயது, ஏற்கெனவே திருமணம், மனநிலை, தடுக்கப்பட்ட உறவு முறை ஆகியவைதான் காரணமாக முடியும். கல்யாண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு வருவது?

பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்று, மார்க் ஷீட், ஆதார். வயதுக்கு ஆதாரை நம்பாதீர்கள். அது பிறந்த தேதிக்கான ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லியிருக்கிறது. சான்றிதழ்கள் பீரோவில், சாவி அம்மாவின் இடுப்பில் என்றால், டிஜிலாக்கரில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, மற்றதற்கு நகல் விண்ணப்பம் போடலாம்.

எடுத்து வரக்கூடாதது நகை. கம்மல், செயின், கொலுசு கூட வேண்டாம், கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ‘50 பவுனோடு ஓடிவிட்டாள்’ என்று எழுதப்படும் புகாருக்கு, வெறுங்கழுத்தோடு வந்து நிற்பதைவிட நல்ல பதில் இல்லை.

எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது?

பெண் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அங்கே இருக்கிற யாராவது உங்கள் சித்தப்பாவோடு டீ குடிக்கிறவராக இருப்பார். எஸ்.பி. அலுவலகம், நகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகம். பேப்பரில் ‘காதல் ஜோடி தஞ்சம்’ என்று வருவது இதுதான். மனுவில் வயது, கல்யாணம் நடந்த தேதி, சுய விருப்பம், யாரிடமிருந்து ஆபத்து என்பதை எழுதி, சான்றுகளின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அதையே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

இத்தகைய ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. எஸ்.பி., மாவட்டச் சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில் இருக்க வேண்டும். சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுக்க விரித்து, பாதுகாப்பு இல்லமும் தரச் சொன்னது. பல இடங்களில் இது தாளில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரை எழுதுங்கள். பெயரைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் பேச்சு கொஞ்சம் மாறும்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும்?

சட்டப் புத்தகத்தில் இல்லாத பகுதி இது, ஆனால் எல்லாமே முடிவாவது இங்கேதான்.

இரண்டு வீட்டாரையும் வரச் சொல்வார்கள். வேனில் வருவார்கள். அப்பா அநேகமாகப் பேச மாட்டார், வெளியே மரத்தடியில் நிற்பார். பேசுவது மாமாக்கள். அம்மா வந்ததும் மகளின் காலில் விழுவார், அல்லது ‘இங்கேயே மருந்தைக் குடிச்சிருவேன்’ என்பார். அத்தை கன்னத்தில் அடிப்பார், பெண் போலீஸ் பிடிப்பார். ‘பத்து நிமிஷம் தனியா பேசிக்கிறோம் சார்’ என்று கேட்பார்கள். இரக்கத்தில் விட்டால் அந்தப் பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆகும். பேச விருப்பமில்லை என்றால் பெண் அதைச் சொல்லலாம், பேசினாலும் கதவு திறந்த இடத்தில் பேசலாம்.

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரே கேள்வி கேட்பார்: ‘யார் கூடம்மா போற?’ இதற்கு வருகிற பதில்தான் எல்லாம். தலை குனிந்து அழுதால் ‘பொண்ணு யோசிக்குது’ என்று எழுதப்படும், இன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வா என்பார்கள். பெயரைச் சொல்லி, ‘இவரோடு போகிறேன்’ என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும். அதை வாக்குமூலமாக எழுதச் சொல்ல வேண்டும். மேஜரான பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டோடும் அனுப்ப முடியாது, காப்பகத்துக்கும் அனுப்ப முடியாது.

அப்புறம் நகைப் படலம். போட்டிருப்பதைக் கழற்றிக் கொடு என்பார்கள். செயின், கம்மல், மோதிரம், அப்பா வாங்கித் தந்த போன், ஸ்கூட்டி சாவி என்று எல்லாம் மேசைமேல் போகும். கொடுத்துவிடுங்கள், ஆனால் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிம் கார்டை எடுத்துவிட்டுப் போனைக் கொடுங்கள். உங்கள் வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும்.

‘எனக்கும் இவர்களுக்கும் இனி சம்பந்தமில்லை’ என்று எழுதி வாங்கினார்கள். சொத்து போய்விட்டதா?

இல்லை. ஸ்டேஷனில் வெள்ளைத் தாளில் எழுதுவதால் பரம்பரைச் சொத்து உரிமை போகாது. அசையாச் சொத்தில் உரிமையை விடுவிக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது, நாளைக்கு வரக்கூடிய வாரிசு உரிமையை இன்றைக்கே எழுதிக்கொடுப்பதும் செல்லாது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலும், நாடு முழுக்க 2005 திருத்தத்திலும் வந்தது, யாரைக் கல்யாணம் செய்தாள் என்று சட்டம் கேட்பதில்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதை மட்டும் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தும்விடுவார்கள்.

‘எச்.சி.பி. போட்டிருக்கிறார்கள்’ என்றால் என்ன?

ஹேபியஸ் கார்ப்பஸ் பெட்டிஷன், அதாவது ஆட்கொணர்வு மனு. மகளைச் சட்டவிரோதமாக யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள், கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள் என்று அப்பா உயர் நீதிமன்றத்தில் கேட்பது. தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. பயப்பட வேண்டாம், உண்மையில் இது உங்களுக்குச் சாதகமான மேடை. வழக்கறிஞர்கள் அங்கே பெண்ணின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள், ‘கார்ப்பஸ் வந்தாச்சா?’ என்றுதான் பேசிக்கொள்வார்கள் (கார்ப்பஸ் என்றால் லத்தீனில் உடல்). அதைக் கேட்டு நொந்துபோகாதீர்கள். நீதிபதிகள் வயதைப் பார்ப்பார்கள், விருப்பத்தைக் கேட்பார்கள், சில நேரம் பெற்றோரோடு கொஞ்சம் பேசச் சொல்வார்கள். பெண் தன் முடிவில் நின்றால் மனு அன்றைக்கே முடியும். ஹாதியா வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 24 வயதுப் பெண்ணின் கல்யாணத்தையே ரத்து செய்து அப்பாவிடம் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2018இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவளுடைய முடிவு என்றது.

வீட்டில் பூட்டி வைத்திருப்பது பெண் வீட்டார் என்றால், இதே மனுவைப் பையனும் போடலாம். பெண்ணால் போன் செய்ய முடிந்தால் பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர எண் 112.

‘வாங்க, ஊரறியக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம்’ என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா?

நூற்றில் பல குடும்பங்கள் உண்மையாகத்தான் கூப்பிடுகின்றன. ஆனால் சாதி குறுக்கே இருந்தால் தனியாகப் போகவே போகாதீர்கள், இருவரும் பிரிந்தும் போகாதீர்கள். விருத்தாசலம் பக்கம் 2003இல் கண்ணகி, முருகேசன் இருவரும் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். அவள் வன்னியர், அவர் பட்டியல் சாதி. பிடித்துக் கொண்டுவந்து விஷம் கொடுத்துக் கொன்றார்கள். தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது 2025 ஆகிவிட்டது. உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கரைப் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொன்றார்கள், அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். கோபம் ஆறியிருக்கும் என்று தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டு, வேறொருவர் போய்ப் பார்த்த பிறகு போங்கள். சமாதானப் பேச்சு என்றால் உங்கள் ஊரில் வேண்டாம், வழக்கறிஞர் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் பெண்கள். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கல்யாணம் பொருந்தாது. ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டது. ஆனால் சேர்ந்து வாழும் உரிமையும் போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது: காணவில்லை என்ற புகாரில் தேடப்படுகிறவர்கள் விரும்பிச் சேர்ந்திருக்கும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும். திருநங்கையும் ஆணும் செய்துகொள்ளும் இந்துத் திருமணம் செல்லும், அதைப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்று மதுரைக் கிளை 2019இல் தீர்த்தது.

நான் அம்மா. மகள் போய்விட்டாள். நான் என்ன செய்யட்டும்?

புகார் கொடுங்கள், தவறில்லை. உயிரோடு, விருப்பத்தோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் ‘நகையோடு போனாள்’, ‘வயது 17’ என்று இல்லாததை எழுதச் சொல்கிற உறவினரை அந்த மேசைப் பக்கம் விடாதீர்கள். நாளைக்கு அவள் குழந்தையைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள் குறுக்கே நிற்கும். அவளுடைய சான்றிதழ்களை யார் மூலமாவது கொடுத்தனுப்புங்கள். பேச மனம் வராவிட்டாலும் இது ஒன்றைச் செய்யலாம்.

கலப்பு மணத்துக்கு அரசு பணம் தருமா?

தரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000 ரூபாயும், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கமும் கிடைக்கும். வருமான வரம்பு இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் சமூக நலத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இருவரின் சாதிச் சான்றும் கேட்பார்கள், அது பீரோவில் மாட்டிக்கொண்டிருக்கும். முன்பே நகல் எடுத்து வையுங்கள்.

ரேஷன் கார்டு?

சிரிக்காதீர்கள், மூன்றாவது மாதத்திலிருந்து வருகிற போன்களில் பாதி இதற்குத்தான். அப்பா வீட்டுக் கார்டில் பெயர் இருக்கும்வரை புதுக் கார்டு கிடைக்காது. பெயரை நீக்க இணையத்தில் முயன்றால் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும், அவர் சொல்ல மாட்டார். திருமணப் பதிவுச் சான்றோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரில் மனு கொடுங்கள், நிலைமையைச் சொல்லுங்கள். ஆதாரில் முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்பதால் அதை முதலில் முடியுங்கள். வீட்டுக்காரர் ‘பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்பார். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற கல்யாணமான அண்ணன், அக்கா யாரையாவது அழைத்துப் போங்கள்.